பள்ளியறை இல்லாத பட்டணம்

தை பிறந்தும் பனி பிரிய மனமில்லாத இந்த ஸ்காபரோ மண்ணிலே, சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டி உதறிவிட்டுத் தமிழுக்குக் காது கொடுக்க வந்திருக்கும் தகைசால் பெருமக்களே! அன்று அஞ்சலகத்திலே ஆயிரமாயிரம் கடிதங்களுக்கு முத்திரை குத்தி, இன்று என் பேச்சுக்கு மணி அடிக்கக் காத்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர் தியாகலிங்கம் அவர்களே! முன்வரிசையிலே முழங்காலுக்குப் போர்வை போர்த்து முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோரே! பொங்கலும் பொங்கி, பிள்ளைகளுக்குச் சட்டையும் மாட்டி, இரண்டு பஸ் மாறி இங்கே வந்து சேர்ந்த தாய்மாரே! இன்னும் கதவடியில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் எல்லோருக்கும் மக்டலீன் ரீச்சரின் மனம் நிறைந்த வணக்கம்!

முதலில் ஓர் அறிவித்தல். உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலில் என் தலைப்பு "இடைக்காலத் தமிழரின் இல்லற மேன்மை" என்று இருக்கிறது. நான் கொடுத்த தலைப்பு அதுவல்ல. நான் எழுதிக் கொடுத்தது "இடைக்காலத் தமிழரின் படுக்கையறை". அச்சகத்துக்குப் போகும் வழியிலே அந்த அறைக்கு யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள்!

சிரியுங்கள், சிரியுங்கள். அமிர்தநாதர் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. என்ன அண்ணை? "பிள்ளையள் இருக்குதுகள்" என்கிறீர்களா? இருக்கட்டும் அண்ணை, அதுகள் எப்படி வந்தன என்றுதான் நான் பேச வந்திருக்கிறேன்!

பெரியோர்களே, நான் வேதக்காரி. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஒரு சைவக் கோயிலைப் பற்றித்தான் உங்களிடம் முதலில் கேட்கப்போகிறேன். இடைக்காலத்திலே எழும்பிய பெருங்கோயில்களிலே மடைப்பள்ளி கட்டினார்கள், கடவுளுக்குப் பசிக்கும் என்று. வசந்த மண்டபம் கட்டினார்கள், கடவுளுக்கு வெக்கையாக இருக்கும் என்று. வேறு என்ன கட்டினார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். பின்னால் ஒரு அன்ரி சொல்கிறா. என்ன அன்ரி? உரக்க! பள்ளியறை! ஆம், பள்ளியறை! கடவுளுக்குப் படுக்கையறை கட்டினார்கள்! நாள் முடிந்தால் சுவாமியின் திருப்பாதங்களைப் பல்லக்கிலே ஏற்றி, மேளம் முழங்க, தீபம் துலங்க, அம்மன் இருக்கும் அறைக்கு அழைத்துப் போவார்கள். பால் வைப்பார்கள், பழம் வைப்பார்கள், ஊஞ்சல் ஆட்டிப் பாட்டுப் பாடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். போய்விடுவார்கள்! காலையில் பாட்டுப் பாடி எழுப்பும்வரை அந்தக் கதவை ஒருவரும் தட்டமாட்டார்கள். கணவனும் மனைவியும் தனித்திருக்க ஓர் அறை வேண்டும் என்பதைக் கடவுளுக்கே செய்து காட்டிய காலம் அது!

அந்தக் காலத்துத் தேர்ச் சிற்பங்களைப் பார்த்திருக்கிறீர்களா? தேங்காய் உடைக்கப் போகும் வழியிலே தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன், வேதக்காரி என்றால் கண் இல்லையா? அணைப்பவர், அணைக்கப்படுபவர், வெட்கப்படுபவர், வெட்கம் விட்டவர். செதுக்கிய சிற்பி ஒளித்துச் செதுக்கவில்லை. ஊரே வடம் பிடித்து இழுக்கும் தேரிலே செதுக்கினான். ஊர் உலாவிலே பிள்ளைகளும் பார்த்தார்கள், அமிர்தநாதர் அண்ணை!

அதே காலத்து உரைகாரர்களை எடுங்கள். ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்த உத்தமப் புலவர்கள். கணவன் மனைவி பிணக்குக்கு எத்தனை பெயர் வைத்து விளக்கம் சொன்னார்கள் தெரியுமா? சின்னதாக முகம் திருப்பினால் புலவி. அது முதிர்ந்தால் ஊடல். முற்றிப்போய் முறைத்துக்கொண்டு நின்றால் துனி. கோபத்துக்கு டிகிரி கணக்கு! மனைவி மாதவிலக்கு முழுகிய பிறகு பன்னிரண்டு நாள் கணவன் அவளைப் பிரிந்திருக்கக்கூடாது என்று ஒரு பழைய விதி. அது கருத்தரிக்கும் காலம் என்று அதற்கு விளக்கமும் எழுதி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்! தமிழிலே இலக்கணம் என்றால் எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டுமா? இல்லை! கட்டிலுக்கும் இலக்கணம் கண்டவன் தமிழன்!

பக்திப் பாடகர்களோ இன்னும் ஒரு படி மேலே. இறைவனைக் காதலன் என்றார்கள், தங்களைக் காதலி என்றார்கள், வளை கழன்றது என்றார்கள், உறக்கம் போனது என்றார்கள். கடவுளிடம் போவதற்கே காதலர் மொழியை எடுத்துக்கொண்டு போனார்கள். வெட்கப்பட்டார்களா? இல்லையே!

பொறுங்கள், கைதட்டாதீர்கள். அது ஒரு பொற்காலம் என்று நான் பொய் சொல்ல வரவில்லை. ஆணுக்கு நாலு வாசல் திறந்திருந்தது, பெண்ணுக்கு ஒரு வாசல், அதுவும் உள்ளுக்கிருந்து பார்க்க மட்டும். அவன் பரத்தை வீட்டுக்குப் போய்வந்ததையும் அதே உரைகாரர்கள் அழகாக விளக்கி வைத்திருக்கிறார்கள். வாய் பேசாத வயதிலே கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிகள் இருந்தார்கள். வயலிலே நாற்று நட்டவளின் மனதிலே என்ன இருந்தது என்று எந்த ஓலையிலும் எழுத்து இல்லை. எழுதியவர்கள் படித்த ஆண்கள். இதையெல்லாம் மறைத்தால் நான் ரீச்சர் இல்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அவர்களிடம் சொல் இருந்தது! நல்ல சொல், நாகரிகமான சொல், நாலு பேர் நடுவே நாக்கூசாமல் சொல்லக்கூடிய சொல் இருந்தது! அந்தச் சொல்லை யார் தொலைத்தார்கள்?

வெள்ளைக்காரன் தொலைத்தான் என்பீர்கள். அவன் பங்குக்கு அவனும்தான். பண்டிதர்களும்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு குற்றவாளி உண்டு. அந்தக் குற்றவாளி இப்போது உங்கள் முன்னே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்!

பதினெட்டு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலே பெண்கள் பாடசாலையிலே தமிழ் படிப்பித்தவள் நான். அகப்பாடல்கள் வரும் பக்கத்துக்கு வந்ததும் என்ன செய்வேன் தெரியுமா? இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். "உது சோதினைக்கு வராது பிள்ளையள், வீட்டை போய் வாசியுங்கோ" என்பேன். அங்கே ஒரு முன்னாள் மாணவி தலையாட்டுகிறா! பதினெட்டு ஆண்டு, பதினெட்டு வகுப்பு, நானூறு ஐந்நூறு பெண்பிள்ளைகள். அத்தனை பேரின் வாயையும் பூட்டி அனுப்பியவள் நான். அந்தப் பூட்டு எங்கே வந்து என் காலிலே விழுந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

இங்கே வந்து ஆஸ்பத்திரியிலே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். டொக்டர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் வேலை.

ஒருநாள் புருசனும் பெண்சாதியுமாக ஒரு தம்பியும் தங்கச்சியும் வந்தார்கள். அவர்களின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் சொல்லமாட்டேன். தம்பி முதலில் வந்து, பகலில் ஒரு தொழிற்சாலை, மாலையில் ஒரு உணவகம் என்று இரண்டு வேலை. அவன் பொன்சர் செய்து கூப்பிட, தங்கச்சி வந்து மூன்று வருடம். பிள்ளை இல்லை. தம்பியின் அக்கா, அதாவது தங்கச்சிக்கு மச்சாள், டொக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்.

டொக்டர் நல்ல மனிதர். ஆங்கிலத்திலே நேராகக் கேட்டார், நீங்கள் இருவரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை உடலால் சேர்கிறீர்கள் என்று. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். தங்கச்சி தரையைப் பார்த்தாள். தமிழிலே பண்டிதப் பரீட்சை எடுத்தவள் நான், எனக்கு ஒரு சொல் வரவில்லை! வந்த சொல்லெல்லாம் ஒன்றில் வசைச்சொல், இல்லாவிட்டால் கலியாணக் கார்ட்டில் போடும் சொல். கடைசியில் என்ன கேட்டேன் தெரியுமா?

"தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் ஒற்றுமையாத்தானே இருக்கிறியள்?"

தங்கச்சி நிமிர்ந்து சொன்னாள், "ஓம் ரீச்சர், ஒருநாளும் சண்டை இல்லை!"

நான் டொக்டரிடம் திரும்பினேன். "எவ்றி டே, டொக்டர்!" என்றேன்.

ஐயோ, சிரிக்காதீர்கள்! சரி, சிரியுங்கள்! டொக்டர் கண்ணாடிக்கு மேலாலே அந்தத் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலே கொஞ்சம் மரியாதை தெரிந்தது! தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, பவ்வியமாகத் தலையாட்டினான். டொக்டர் கோப்பிலே எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வரி என்ன செய்தது தெரியுமா, தாய்மாரே? இரத்தம் எடுத்தார்கள். ஸ்கான் எடுத்தார்கள். தம்பிக்கும் பரிசோதனை. எல்லாம் சரி, எல்லாம் சரி, எல்லாம் சரி. உள்ளே பரிசோதிக்கத் தங்கச்சி கூசினாள், டொக்டரும் வற்புறுத்தவில்லை. எட்டு மாதம் கழித்து, மயக்க மருந்து கொடுத்து, வயிற்றிலே துளை போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். நோயே இல்லாத ஒருத்திக்குக் கத்தி! அதற்குள் வீட்டிலே மச்சாள் வேறு கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "ஆவணிக்குள்ளை சரிவராட்டில் தம்பிக்கு வேறை பொம்பிளை பாப்பம்" என்று ஊருக்கே கடிதம் போட்டாயிற்று. உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் மச்சாளுக்கு முன்னே எனக்குக் கொட்டுங்கள்!

கையெழுத்து வாங்கும் நாள் வந்தது. சம்மதப் பத்திரத்தை வரிவரியாக நான் தமிழில் சொல்கிறேன். மயக்கம் என்றேன், துளை என்றேன், இரத்தப் பெருக்கு வரலாம் என்றேன். தங்கச்சி பேனாவை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள், "ரீச்சர், ஒருநாளும் சண்டை பிடிக்காத ஆக்களுக்கும் கடவுள் ஏன் பிள்ளை குடுக்கேல்லை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது! ஒருநாளும் சண்டை இல்லை! தமிழ் ரீச்சர் நான், அந்தச் சொல்லை எட்டு மாதத்துக்கு முன்னே கேட்டேனே! ஊடல் எங்கே வரும்? உரிமை உள்ள இடத்திலே வரும்! கூடல் உள்ள இடத்திலே வரும்! மூன்று வருடமாய் ஒரு புலவி இல்லை, ஒரு பொய்க்கோபம் இல்லை என்றால், ஐயோ, அங்கே என்னதான் இருந்தது? இடைக்காலத்து உரைகாரன் ஒருவன் அந்த அறையில் இருந்திருந்தால் அந்த ஒரு பதிலிலேயே நோயைப் பிடித்திருப்பான். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிய எனக்கு எப்படிப் பிடிபடும்?

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன். மன்றத் தலைவரே, உண்மையைச் சொல்கிறேன். இப்போது கேட்டால் என் பிழை வெளியே வரும், வேலை போகும். கேட்காவிட்டால் அவள் வயிற்றிலே கத்தி விழும். கேட்டேன். புலமைச் சொல் தேடவில்லை. "தங்கச்சி, உங்கட மனுசன் உங்களை ஒருநாளாவது தொட்டிருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஆச்சரியப்பட்டாள்.

"எங்கை ரீச்சர் இடம் கிடக்கு?"

கேட்டீர்களா? எங்கே இடம் இருக்கிறது! இங்கே பக்கத்து வோபர்னிலே இரண்டு அறை அப்பாட்மென்ற். ஒன்பது பேர். ஓர் அறையிலே மச்சாளும் அவரின் இரண்டு பெண்பிள்ளைகளும் இவளும். மற்ற அறையிலே மச்சாளின் கணவனும் மகனும். ஹோலிலே தம்பியும் ஒன்றுவிட்ட சகோதரர் இருவரும். வந்து இறங்கிய அன்றைக்கு "கொஞ்ச நாளைக்கு இப்பிடிப் படுங்கோ" என்று பாயைப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடம்! அவனுக்கு என்ன எண்ணம்? அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் பொம்பிளையளோடு போய்ப் படுக்கிறாள். அவளுக்கு என்ன எண்ணம்? அவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, அதனால்தான் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் ஒரே தேங்காயில் ஆளுக்குப் பாதிச் சம்பல் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்காமல், ஒருநாளும் சண்டை பிடிக்காமல்!

டொக்டரிடம் திரும்பி, எட்டு மாதத்துக்கு முன்னே நான் பொய் மொழிபெயர்த்தேன் என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். சம்மதப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார். ஆஸ்பத்திரி என்னை மூன்று மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை. சரியான தண்டனை, குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஆவணி அங்கேயே நிற்கிறதே! பொம்பிளை பார்க்கும் வேலை நடக்கிறதே! இருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போனேன். மச்சாள் தேத்தண்ணி தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை இல்லாததுக்கு அந்தப் பிள்ளை காரணம் இல்லை. உங்கட வீட்டிலை அதுகளுக்கு ஒரு அறை இல்லை" என்றேன்.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பி உள்ளே போனார். கதவை அடித்துச் சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். தன்னுடைய மெத்தையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்! பிள்ளைகளின் போர்வை, தலையணை, பள்ளிக்கூடப் பை, எல்லாம் ஹோலுக்கு வந்தது. ஆம்பிளைகளின் மூட்டை மற்ற அறைக்குப் போனது. கடைசியாக அறைக்கதவின் பூட்டைத் திருகிப் பார்த்தார். அது பழுது. "உதை இண்டைக்கே மாத்துங்கோ" என்று கணவனைக் கடைக்கு அனுப்பினார். ஒரு மணித்தியாலம், பெரியோர்களே! கோயில் கட்டத் தலைமுறைகள் ஆயின. எங்கள் வோபர்னிலே பள்ளியறை கட்ட ஒரு மணித்தியாலம்!

கைதட்டுங்கள்! இதற்குத் தட்டுங்கள்!

பிறகு என்ன நடந்தது? ஒன்றரை மாதம் கழித்து எனக்கு ஒரு தொலைபேசி. தங்கச்சிதான். குரல் வெடிக்கிறது. "ரீச்சர், நான் அவரோடை கதைக்கிறேல்லை! நான் புட்டு அவிச்சு வைச்சிருக்க, கடையிலை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு வந்து நிக்கிறார்!" நான் என்ன செய்தேன்? தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு குசினியிலே, அடுப்புக்கு முன்னாலே, துள்ளினேன்! ஐம்பத்து மூன்று வயதிலே! ஊடல்! அசல் ஊடல்! அரை மணி நேரத்தில் தம்பி எனக்குப் போன் எடுக்கிறான், "ரீச்சர், நீங்கள் ஒருக்கால் சொல்லிப் பாருங்கோவன்." இப்படி நடுவே வந்து சமாதானம் பேசுகிறவருக்குப் பழந்தமிழிலே ஒரு பெயர் உண்டு. வாயில்! வாசல் என்ற அதே சொல். கணவனும் மனைவியும் மீண்டும் போய்ச் சேர ஒரு மனிதர் வாசலாக நிற்கலாம் என்று நம்பியவர்கள் வைத்த பெயர். எட்டு மாதம் மூடிக் கிடந்த வாசல் நான். அன்றைக்கு அவளை அழைத்து அவன் சொன்னதைச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "நீங்கள் அவருக்காகக் கதைக்காதேங்கோ ரீச்சர்!" என்று வைத்துவிட்டாள். வாயில் மறுத்தல் என்று அதற்கும் ஒரு துறை இருக்கிறது, அந்தப் பக்கத்தையும்தான் நான் புரட்டிவிட்டிருந்தேன்!

யார் அது, இடது பக்கம்? "பிள்ளை கிடைச்சதோ?" என்கிறீர்களா, தம்பி? சொல்லமாட்டேன். அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளை கிடைத்தால்தான் அந்த அறைக்கு அர்த்தம் என்றால், நாங்கள் இன்னும் ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. தலைவி முகம் மலர்ந்ததா என்று கேட்டுப் பாடிய தமிழ் இது. தொட்டிலை எண்ணிவிட்டுக் கட்டிலை மதித்த தமிழ் அல்ல!

தலைவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. ஒரு நிமிடம், ஐயா. ரூஜ் பக்கமாய்ப் புது வீடு வாங்குகிறோம். நாலு அறை, இரண்டு கார், பேஸ்மென்ற் வேறு. சாமிக்கு ஓர் அறை ஒதுக்குகிறோம், வெள்ளித் தட்டுக்கு ஓர் அலுமாரி ஒதுக்குகிறோம். ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய இளம் சோடிக்கு எதை ஒதுக்குகிறோம்? கேட்கிறோமா அவர்களை? ஒரு கேள்வி கேட்க நாக்கு எழும்புகிறதா? இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத் தாலி கட்டிவிட்டு, இரண்டு பேரையும் பிரித்துவைக்கப் பாய் விரிக்கிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

என்ன அது, நடுவிலே? யாரோ எழும்பி நிற்கிறார்கள். அக்கா, நீங்களா? வேண்டாம் அக்கா, இருங்கள். நான் ஒருவர் பெயரும் சொல்லவில்லை, நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்லத்தான் வேண்டுமா? தலைவரே, மணியை அடிக்காதீர்கள். மைக் அங்கே எட்டாது. அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். அதுதானே என் வேலை. கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

சபையோரே, அக்கா சொல்கிறா:

"என்ரை பேர் மங்கையற்கரசி. அந்த மச்சாள் நான்தான்."

"தம்பிக்கு வேறை பொம்பிளை பாத்தது உண்மை. அந்தப் பிள்ளையிட்டை நான் மன்னிப்புக் கேட்டிட்டன். இப்ப உங்களுக்கு முன்னாலையும் கேக்கிறன்."

"எனக்கும் கலியாணம் கட்டி முதல் ரெண்டு வருசம் மாமி வீட்டிலை பொம்பிளையளோடைதான் படுக்கை. அப்பிடித்தான் வழக்கம் எண்டு நினைச்சன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் ஒருத்தரையும் கேக்கேல்லை."

பொறுங்கள், அக்கா இன்னும் முடிக்கவில்லை. அமைதி. சொல்லுங்கோ அக்கா.

"தம்பியவை போன மாதம் வேறை வீடு எடுத்துப் போட்டினம். அந்த அறை இப்ப வெறுமையாக் கிடக்கு. புதுசாக் கட்டி, இடமில்லாமல் ஆரும் இஞ்சை இருந்தால் வெக்கப்படாமல் என்னட்டை வாங்கோ. அறைப் பூட்டின்ரை திறப்புத் தாறன்."

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, சபையோரே. இத்தனை நேரம் நான் பேசியதை அக்கா நாலு வரியில் செய்து காட்டிவிட்டா. எழும்பி நின்று தட்டுகிறீர்களே, அமிர்தநாதர் அண்ணை, உங்களுக்கும் சேர்த்துத்தான் நன்றி. செவி தந்த சபைக்கும், மணியை மறந்த தலைவருக்கும், மங்கையற்கரசி அக்காவின் மன உறுதிக்கும் தலைவணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!